இடுப்பில் ஒரே ஒரு கணு: இரத்தினபுரிப் பயணக் குறிப்புகள்

ஜூலை 8, 2025, செவ்வாய் – கண்டி

தலதா மாளிகைக்குப் பின்னால் மேடேறிச் செல்லும் சாலையின் முடிவில் உடவத்தகலே காட்டின் வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 104 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குரங்குகளையும் பறவைகளையும் பார்க்க வருகிறார்கள். நான் வந்ததோ சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஓர் எறும்பின் பழைய இருப்பிடத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்காக. அதன் பெயர் அனியூரெட்டஸ் சிமோனி. 1892 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இலங்கையில் சுற்றித் திரிந்த பிரெஞ்சுச் சிலந்தி ஆய்வாளர் யூஜின் சீமோன், சிலந்திகளோடு எறும்புகளையும் சேகரித்துக்கொண்டு போனார். அவற்றை ஆராய்ந்த இத்தாலியர் கார்லோ எமெரி 1893-இல் இந்த இனத்துக்கு, சேகரித்தவரின் பெயரையே சூட்டினார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, உயிருள்ள எறும்பாக இதை ஆராய்ந்து எழுதியவர் எவருமில்லை.

1955-இல் நியூ கினியாவில் ஆய்வை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிய அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் ஓ. வில்சன், கண்டி வட்டாரத்தைத்தான் முதலில் நம்பினார். இந்த உடவத்தகலேயில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல்தான் இரத்தினபுரிக்குப் போனார். நானும் அதே வரிசையில் போவதென்று தீர்மானித்திருந்தேன். அறிவியல் காரணம் ஒன்றும் இல்லை, அவர் தோற்றுப்போன இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். காட்டின் உட்பாதைகளில் பெரு பால்சம் என்னும் அயல்நாட்டு மரத்தின் கன்றுகள் தரை தெரியாமல் முளைத்திருந்தன. பழைய தாவரங்களை நெருக்கி அது காட்டைக் கைப்பற்றிக்கொண்டிருப்பதை, தாவரவியல் படிக்காதவர்கூட ஐந்து நிமிடம் நடந்தால் கண்டுகொள்வார். குனிந்து பார்த்த இடமெல்லாம் கருப்புக் கட்டெறும்புகளும், இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறுகளுமே தென்பட்டன.

மழை பிடித்துக்கொண்டதும் குளக்கரைப் பக்கம் இறங்கி ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினேன். கேட்பதற்கு முன்பே மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல், வடை, மீன் பாண் என்று அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குகிறார்கள், மீந்தது அடுத்த மேசைக்குப் போகிறது. எண்ணுகிறவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது மனத்துக்கு நிறைவாக இருந்தது. இரண்டு ரோல், ஒரு வடை, இஞ்சி போட்ட பிளேன்டீ எல்லாம் சேர்த்து 390 ரூபாய். நம் ரூபாய்க்கு அங்கே மூன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய தொகையில்லை.

ஜூலை 9, புதன் – கண்டியிலிருந்து இரத்தினபுரிக்கு

கேகாலை, அவிசாவளை வழியாக வரும் பேருந்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்தேன் என்று சொல்ல ஆசைதான். கேகாலை வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தேன். ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கை மட்டும் காலியாகவே இருந்தது. அது பிக்குகளுக்கும் மற்ற மதகுருமார்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். வண்டி முழுக்க ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றபோதும் யாரும் அதை நோக்கி நகரவில்லை. கைக்குழந்தையோடு ஏறிய பெண்ணுக்கு மட்டும் நடத்துநர் அந்த இடத்தைக் காட்டினார், மறுபேச்சில்லாமல் எல்லாரும் வழிவிட்டார்கள்.

அவிசாவளையைத் தாண்டியதும் நிலம் தாழ்ந்து, காற்று கனத்து, இரு பக்கமும் இரப்பர்த் தோட்டங்கள் வரத் தொடங்கின. மழை நின்றும் நிற்காமலும் கூடவே வந்தது. தீவின் தென்மேற்கிலுள்ள இந்த ஈரவலயம் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்குதான், ஆனால் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இங்கேதான் வாழ்கிறார்கள். தாழ்நில மழைக்காட்டையே நம்பி இருக்கும் ஒரு பூச்சிக்கு இது எவ்வளவு நெருக்கடியான இடம் என்பதைப் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்க்கலாம்: வீடு, தேயிலைத் துண்டு, இரப்பர், மறுபடி வீடு, எங்கோ ஒரு குன்றின் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அடர்பச்சை.

இரத்தினபுரியில் தங்கிய விடுதியின் சுவரில், இடுப்பளவு உயரத்தில் பழுப்புக் கோடு ஒன்று இருந்தது. களு கங்கை பெருகியபோது வந்த தண்ணீரின் அடையாளம் என்றார் வீட்டுக்கார அம்மா. 2003-ஆம் ஆண்டு வெள்ளமா, 2017-ஆம் ஆண்டு வெள்ளமா என்று கேட்டதற்கு, “இரண்டும் வந்தது, இது இரண்டாவது” என்று பள்ளிக்கூட மதிப்பெண் சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னார். அறை வாடகை 5,500 ரூபாய், காலை உணவு சேர்த்து. போர்வை ஈரமாகவே இருந்தது. மாற்றித் தந்ததும் ஈரமாகவே இருந்தது.

ஜூலை 10, வியாழன் – இரத்தினபுரி

இன்று எசல பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. நான் அனுமதி விவரம் கேட்கப் போன வனத்துறை அலுவலகத்தின் வாயிலில் பூட்டுத் தொங்கியது, நகரம் முழுக்க வெள்ளை உடுத்தியவர்கள் தாமரை மொட்டுகளோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சல் வழியே அறிமுகமான, எறும்புகளை ஆராயும் ஒரு மாணவி முறையான அனுமதியோடு நாளை என்னைக் கிலிமலேக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்ததால் பயணத்துக்குச் சேதமில்லை. சேகரிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். எனக்குப் பார்க்கும் உரிமையும் குடை பிடிக்கும் உரிமையும் உண்டு.

வீட்டுக்கார அம்மா கிரிபத் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பாலில் குழைய வெந்த சோற்றை வில்லைகளாக வெட்டி, காரம் சுள்ளென்று ஏறும் லுணு மிரிஸ் சம்பலோடு தருகிறார்கள். அதை முடித்த கையோடு விடுதித் தோட்டத்தில் உட்கார்ந்து, நாளைக்கு எதைத் தேடுவது என்பதைக் கண்ணுக்குப் பழக்கினேன். இந்த எறும்பைத் தேடுவதில் உள்ள கஷ்டம், அது விசித்திரமாக இல்லை என்பதுதான். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் மெலிந்து நீண்ட, சாதாரணமான ஒரு சின்ன எறும்பு. இதே நிறம், இதே அளவில் ஃபைடோலே என்னும் பேரினத்து எறும்புகள் இந்தியாவிலும் இலங்கையிலும் காலடி வைத்த இடமெல்லாம் உண்டு. பணியாள் எறும்புகளில் சிறியவை, பெரிய தலை கொண்டவை என்று இரண்டு வகை இருப்பது ஃபைடோலேயின் அடையாளம். கெட்ட நேரம், அனியூரெட்டஸிலும் அதே இரண்டு வகை உண்டு. உணர்கொம்பில் பன்னிரண்டு கணுக்கள், மார்பின் பின்முனையில் இரண்டு கூர்முட்கள் என்று அடையாளங்களை அடுக்கிக்கொண்டே போனால், ஃபைடோலேயிலும் அவை அப்படியே இருந்து நம்மைக் கிண்டல் செய்யும்.

பிரித்தறிய வேண்டிய இடம் இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஃபைடோலேக்கு இரண்டு தனித்தனிக் கணுக்கள் இருக்கும். அனியூரெட்டஸுக்கு நீண்ட காம்புபோல் ஒரே துண்டு, அதன் பின்பகுதியில் எழும்பும் ஒரே கணு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில், எறும்பு அசையாமல் நின்றால் இது தெரியும். எறும்பு நிற்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அடையாளம் நுண்ணோக்கிக்குரியது, கதையே அதில்தான் இருக்கிறது. நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவைச் சுற்றும், தலை கறுத்து வயிறு வெளுத்த டாபினோமா எறும்பை நசுக்கினால் ஒரு வாடை வரும். அது டோலிகோடெரினே என்னும் துணைக்குடும்பம். அந்தக் குடும்பத்தாருக்குக் கொடுக்கு பயனற்றுப் போய், வயிற்று நுனியில் ஒரு கீற்றுத் துளை வழியாக வேதிப்பொருளை விட்டுத் தற்காத்துக்கொள்கிறார்கள். அனியூரெட்டஸ் உடற்கூற்றிலும் மரபணுவிலும் இவர்களுக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் அதன் கொடுக்கு இன்னும் வேலை செய்கிறது. அதனால்தான் அதைத் தனித் துணைக்குடும்பமாக, அனியூரெட்டினே என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. மற்ற உறவினர்கள் எல்லாரும் பால்டிக் கடற்கரையின் அம்பர் என்னும் கல்லாகிப்போன மரப்பிசின், கொலராடோவின் ஃபிளாரிசன்ட் களிப்பாறை போன்றவற்றில் புதைபடிவங்களாக இருக்கிறார்கள். வட அரைக்கோளத்தில் ஒரு காலத்தில் பரவியிருந்த வம்சத்தின் மிச்சம் ஏன் ஒரு தீவின் ஒரு மூலையில் மட்டும் தங்கியது என்ற கேள்விக்கு எளிய பதில் சொல்கிறவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மாலையில் கடைத்தெருவுக்குப் போனபோது இரத்தினக்கல் தரகர் ஒருவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீலக்கல் காட்டினார். வாங்க மாட்டேன் என்றதும், என் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கேட்டு வாங்கி, தன் கல்லைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, “நல்ல லென்ஸ்” என்று திருப்பித் தந்தார். கொட்டு ரொட்டி 950 ரூபாய். இரண்டு பேர் சாப்பிடும் அளவு.

ஜூலை 11, வெள்ளி – கிலிமலே

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல போகும் பேருந்து கிலிமலேயைக் கடந்து செல்கிறது. சிவனொளிபாதமலைக்கு இந்தப் பக்கமாக ஏறும் பழைய யாத்திரைப் பாதை பலாபத்தலயில் தொடங்குகிறது. யாத்திரைக் காலம் டிசம்பரிலிருந்து மே வரை என்பதால் இப்போது வழியெல்லாம் மூடிய கடைகள். திறந்திருந்த ஒரே கடையை நடத்தியவர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு மலையகத் தமிழ்ப் பெண்மணி. “எங்கேருந்து வர்றீங்க ஐயா, இந்தியாவா? எறும்பு பாக்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, மாணவியிடம் சிங்களத்தில் அதையே சொல்லிச் சிரித்தார். “எங்க லயத்துக்கு வந்திருந்தா சீனிப் போத்தலோட காட்டியிருப்பேனே.” லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பிளேன்டீயோடு கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்று உள்ளங்கையில் வைத்தார், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சர்க்கரையில்லாத தேநீரைக் குடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து 120 ரூபாய் என்றவர், கருப்பட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் அட்டைகள் ஏறத் தொடங்கின. காலுறைமேல் வலித்தைலம் பூசிக்கொள்வது இங்கே வழக்கம். பூசிய இடத்தை விட்டுவிட்டுக் கழுத்துக்கு ஏறிவந்த ஓர் அட்டையை மாணவிதான் சுண்டிவிட்டார். ஹொர மரங்கள் வளைவில்லாமல் நேராக மேலே போகின்றன, அடியில் வெளிச்சம் குறைவு, தரை முழுக்க நனைந்த இலையும் சுள்ளியும். கேமரா லென்ஸில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது. படம் எடுக்கும் எண்ணத்தை விட்டபிறகுதான் நான் ஒழுங்காகப் பார்க்கவே தொடங்கினேன்.

ஆய்வாளர்களுக்கு இந்தக் காடு பழக்கமானது. வில்சன் 1955-இல் இரத்தினபுரிப் பக்கத்தில் உள்ளீடற்ற ஒரு சுள்ளியை உடைத்தபோது இந்த எறும்புகள் வெளியே வந்தன. அடுத்த ஆண்டே அவரும் ஐஸ்னரும் வீலர் தம்பதியரும் சேர்ந்து, எறும்புகளின் பரிணாமத்தில் இது ஒரு முக்கியமான இணைப்பு என்று எழுதினார்கள். பின்னர் ஜயசூரியாவும் டிரானியெல்லோவும் கிலிமலேயில் இதன் கூடுகளையும் இரை தேடும் முறையையும் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1981-இல், வழித்தடம் போடும் வேதிப்பொருள் வயிற்றின் அடிப்புறச் சுரப்பியிலிருந்தும், ஆபத்தை அறிவிக்கும் வேதிப்பொருள் வயிற்று நுனியின் மேற்புறச் சுரப்பியிலிருந்தும் வருகிறது என்று காட்டியவர்களும் இவர்களே.

தேடும் முறை சலிப்பூட்டக்கூடியது, வீரம் ஒன்றும் இல்லை. விரல் தடிமன் உள்ள, பாதி மக்கிய சுள்ளியை எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் கூடாது, கைபட்டால் உதிர்ந்துபோகும் அளவுக்கு மக்கியதும் கூடாது. வெள்ளைத் தட்டின்மேல் வைத்து மெல்லப் பிளந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, சுள்ளியை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைக்க வேண்டும். கறையான், மரவட்டை, மறுபடி கறையான், இரண்டு கணு உள்ள ஃபைடோலே, அதன்பின் ஒன்றுமே இல்லாத சுள்ளிகள் என்று மதியம் ஆகிவிட்டது. வாழையிலையில் கட்டிவந்த சோற்றைப் பாறைமேல் உட்கார்ந்து பிரித்தோம்: பொலொஸ் என்று அவர்கள் சொல்லும் பலாப்பிஞ்சுக் கறி, பருப்பு, கருவாட்டுப் பொரியல், தேங்காய்ச் சம்பல். இரத்தினபுரிப் பேருந்து நிலையத்தருகே ஒரு கட்டு 380 ரூபாய்க்கு வாங்கியது. மழை சோற்றிலேயே விழுந்தது. கறி இன்னும் கொஞ்சம் நீர்க்க இருந்தால் ரசம் என்று சாப்பிட்டிருக்கலாம்.

எறும்பு கிடைத்தது காட்டின் நடுவே அல்ல, திரும்பிவரும்போது பாதையின் ஓரத்தில், இரப்பர்த் தோட்டத்தின் எல்லை தெரியும் தூரத்தில். மாணவி பிளந்த சுள்ளிக்குள்ளிருந்து மஞ்சள் எறும்புகள் வெளிறிய புழுக்களைக் கவ்விக்கொண்டு நாலாபக்கமும் சிதறி ஓடின. அவர் பேசாமல் லென்ஸை என்னிடம் நீட்டினார். தட்டின் விளிம்பில் ஒரு நொடி தயங்கிய எறும்பின் இடுப்பு நீண்டு, ஒரே கணுவோடு தெரிந்தது. பெரிய தலையுள்ள பணியாள் ஒன்றும் கூட்டத்தில் இருந்தது. இவற்றின் கூட்டங்கள் பெரும்பாலும் நூறு பணியாட்களைத் தாண்டுவதில்லை; இதில் அதற்கும் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். இரண்டு எறும்புகளைச் சாராயக் குப்பியில் போட்டு, மூன்று தகவல்களை பென்சிலால் எழுதி உள்ளேயே இட்டார்: இடம், தேதி, எதற்குள் கிடைத்தது. பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். மீதிக் கூட்டத்தைச் சுள்ளியோடு சேர்த்து மூடி இலைக்கடியில் வைத்தபோது, அவர் கையில் மூன்று அட்டைகள் குடித்துக் கொழுத்திருந்தன.

ஜூலை 12, சனி – இரத்தினபுரி

உடம்பெல்லாம் வலி, கால் விரல்கள் ஈரத்தில் ஊறி வெளுத்துவிட்டன. மதியத்துக்கு மேல் விடுதிக் கூடத்தில் மாணவி தன் சிறிய நுண்ணோக்கியைக் கணினியோடு பொருத்தினார். வயிற்று நுனியில் கொடுக்கு தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கார அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, இது கடிக்குமா என்று மட்டும் கேட்டார்.

பிறகு வரைபடத்தைத் திறந்தார். இந்த இனத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1996-இலேயே மிக அருகிய இனம் என்று பட்டியலிட்டுவிட்டது. அப்போது மிகச் சில இடங்களே தெரியும். அதன்பின் இலங்கை ஆய்வாளர்கள் சிங்கராஜ உள்ளிட்ட ஈரவலயக் காடுகள் பலவற்றில் இதைக் கண்டிருக்கிறார்கள். புள்ளிகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சி. சற்று நேரம் பார்த்தபின் அவை சாலைகளையும் ஆய்வு நிலையங்களையும் விடுதிகளையும் ஒட்டியே இருப்பது உறுத்தத் தொடங்கியது. அது எறும்பின் எல்லையைக் காட்டும் படம் என்பதைவிட, குனிந்து சுள்ளி பிளக்கிற மனிதர்கள் எதுவரை போனார்கள் என்பதைக் காட்டும் படம். இதைச் சொன்னபோது மாணவி ஒப்புக்கொண்டார், ஆனால் அதிலிருந்து ‘அப்படியானால் நிறைய இருக்கும்’ என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். இடங்கள் கூடியிருப்பது தேடுகிறவர்கள் கூடியதால். அதே ஆண்டுகளில் காட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போயிருக்கின்றன. நடுவிலுள்ள இரப்பர்த் தோட்டங்களையும் தேயிலைச் சரிவுகளையும் இந்த எறும்பு கடக்குமா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. நேற்றுக் கிடைத்த கூடு காட்டு விளிம்பில் இருந்ததால் அந்தக் கேள்வி அவருக்கு இன்னும் சூடாகிவிட்டது. பாதைக்கு மறுபுறம், இரப்பர் மரங்களின் அடியில் எடுத்த மஞ்சள் எறும்புகள் இன்னொரு குப்பியில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை உடைந்திருந்ததால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள் – கொழும்பு

வெயில். இரத்தினபுரியில் காயாத துணியெல்லாம் வெள்ளவத்தை விடுதியின் மொட்டைமாடியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. காலையில் இடியப்பமும் சொதியும் 450 ரூபாய். சொதியை மறுபடி ஊற்றும்போது கடைக்காரர் கேட்கவேயில்லை, தட்டைப் பார்த்து ஊற்றிக்கொண்டே போனார்.

விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் மாணவியின் செய்தி வந்தது. இரப்பர்த் தோட்டத்துக் குப்பியில் இருந்தவை அனைத்தும் ஃபைடோலே, இடுப்பில் இரண்டு கணு. அங்கே பிளந்த சுள்ளிகளின் எண்ணிக்கை, தேடிய நேரம், மழை இருந்ததா என்பது எல்லாவற்றையும் எழுதி, அந்த இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று பதிந்துவிட்டாராம்; பழைய கட்டுரைகளில் ‘கிடைத்தது’ என்ற வரிகளே இருப்பதால், எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது என்று எழுதியிருந்தார். உடவத்தகலேயில் நான் நடந்த பாதையையும் நேரத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சுள்ளி எதையும் பிளக்காமல் தரையை மட்டும் பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.